வெத்தலை பாக்கு வெச்சுத்தான் அழைக்கணும்!

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். அறிவியலை மக்களுக்கு எடுத்துச் சொல்ல விஞ்ஞானிகளுக்குத் தர்ற பயிற்சி இப்ப இருக்கிறபடியே போதுமா, அதுல இடமே கிடைக்காதவங்களுக்காக மாத்தணுமா? மாத்தணும்ங்கிறது எங்க கட்சி.

எதிரணி அண்ணன் ஒரே வரியில கைதட்டலை அள்ளிட்டார்: "கதவைத் திறந்துதானே வெச்சிருக்கோம், வெத்தலை பாக்கு வெச்சு வேற அழைக்கணுமா?"

அண்ணே, அந்தத் திறந்த கதவு வழியா உள்ள போன ஒருத்தரோட கதையைக் கேளுங்க. என்கூட வேலை பார்க்கிறவங்க. மண்ணுல வாழற நுண்ணுயிரிகளை ஆராயறவங்க. சக்கர நாற்காலியில வருவாங்க. ஒரு டீஸ்பூன் மண்ணை ஏந்தி, "இதுல கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கு"ன்னு அவங்க சொன்னா, மண்ணை மிதிக்கவே யோசிப்பீங்க. ரெண்டு நாள் பயிற்சிக்குச் சேர்ந்து போனோம். முதல் பாடம் என்ன? "ரெண்டு காலையும் நல்லா ஊன்றி நில்லுங்க!" அவங்க அதையும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. ரெண்டு காலையும் ஊன்றி... எழுதின கையை நான் பார்த்தேன் ஐயா.

மறுநாள் எல்லாரையும் வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினாங்க. என் முகம் தெரியுது. பக்கத்துல இருந்தவர் முகம் தெரியுது. அவங்க முறை வந்தப்போ திரையில தெரிஞ்சது நெத்தியும் வகிடும்! நிக்கிறவங்க உயரத்துக்கு வெச்ச கேமரா. நாலு நிமிஷம் ஐயா, நாலு நிமிஷம்! கண்ணு தெரியல, சிரிப்பு தெரியல, மண்ணை ஏந்தின கை தெரியல. வெறும் நெத்தி, வகிடு. பயிற்சியாளர் சொன்ன குறை என்ன தெரியுமா? "நீங்க கண்ணைப் பார்த்துப் பேசப் பழகணும்."

கதவு திறந்துதான் இருந்தது அண்ணே!

வெத்தலை பாக்கு கேட்டீங்களே, இந்தாங்க. சைகைமொழி பெயர்ப்பாளர் வெத்தலை. கட்டண விலக்கு பாக்கு. தாய்மொழியிலேயே பயிற்சிங்கிறது சுண்ணாம்பு. மூணும் சேர்ந்தாத்தான் சிவக்கும்! பார்வையிழந்த வானியலாளர் வான்டா டியாஸ் மெர்செட் விண்வெளித் தரவை ஒலியா மாத்திக் காதால ஆராயறாங்க. "படத்தைத் திரையில காட்டு"ன்னு மட்டுமே சொல்லித் தர்ற வகுப்புல அவங்களுக்கு என்ன பாடம் இருக்கு? அந்த வகுப்பை அவங்கதான் நடத்தணும்.

1983-ல டேவிட் சேம்பர்ஸ் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னப்போ, 4,807 குழந்தைகள்ல 28 பேர்தான் பெண்ணை வரைஞ்சாங்க. அந்த 28 பேருமே பெண் குழந்தைகள். பார்த்த முகத்தைத்தானே ஐயா பிள்ளைங்க வரையும்? நெத்தியை மட்டும் பார்த்த குழந்தை முகத்துக்கு எங்கே போகும்?

அந்த வீடியோவை அவங்க இன்னும் அழிக்கல. போன வாரம் அதை மறுபடி போட்டுக் கேட்டேன். நாலு நிமிஷத்துல குரல் ஒரு இடத்துலகூட தடுமாறல. கேமரா ஸ்டாண்டுல ஒரு திருகு இருக்கும் ஐயா. தளர்த்தி இறக்க அரை நிமிஷம் ஆகாது. அந்த அறையில இருபது பேர் இருந்தோம். யாரும் எழுந்திரிக்கல. நானும் எழுந்திரிக்கல.