மண்ணுக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். கிணறு வெட்டும் இடத்திலோ, சாலை போட மேட்டை அறுத்த இடத்திலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே மண். அதன் கீழே, பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் கடப்பாரைக்கு இடம் கொடுக்கும் பகுதி. அதற்கும் அடியில்தான் வெடி வைத்தால் மட்டுமே அசையும் கெட்டிப் பாறை. அந்தக் கெட்டிப் பாறைக்கு மேலே இருப்பதெல்லாம் சேர்ந்ததுதான் ரெகோலித்.

நடுவிலுள்ள மக்கிய பாறைதான் எனக்கு உயிர். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருங்கல்லின் மணிகள் வரிசை கலையாமல் இருக்கும். ஊடே ஓடும், குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கனிமத்தின் கோடுகூட அறுந்திருக்காது. கட்டைவிரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்! கரியமில வாயு கரைந்த மழைநீர் விரிசல்களில் இறங்கி, கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகளிலிருந்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சியது களிமண். குவார்ட்ஸ் மட்டும் அசைந்து கொடுப்பதில்லை. ஆற்று மணலில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

ஆகவே எந்த நிலத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்று: இது இங்கேயே மக்கியதா, வேறிடத்திலிருந்து வந்து படிந்ததா? மேற்கு ஆஸ்திரேலியாவின் யில்கார்ன் நிலப்பரப்பில் பாறை பல பத்து மீட்டர் ஆழம்வரை மக்கிக் கிடக்கிறது. அங்கே தங்கம் தேடுகிறவர்கள் மேற்பரப்பு மண்ணை எடுத்துச் சோதிப்பார்கள். அந்த இடத்திலேயே மக்கிய மண் என்றால், அடியிலுள்ள தாதுவின் சுவடு அதில் இருக்கக்கூடும். நீர் அடித்துக்கொண்டு வந்த வண்டல் என்றால், அது எங்கோ இருக்கும் மேட்டின் கதையைத்தான் சொல்லும். காலடியில் தங்கமே இருந்தாலும் வாய் திறக்காது. இன்னும் ஒரு சிக்கல்: நிலத்தடி உப்புநீர் தங்கத்தையே கரைத்து வேறு மட்டத்துக்கு நகர்த்திவிடும். மக்கிய பாறையின் நடுப்பகுதியில் தங்கம் இல்லை என்பதற்காகக் கீழேயும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இங்கேயே மக்கியதா, வந்து படிந்ததா?

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நிலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழையோ காற்றோ இல்லாத அங்கேயும் ரெகோலித் உண்டு. விண்கற்கள் ஓயாமல் மோதி நொறுக்கிய தூள் அது. தேய்க்க நீர் இல்லாததால் துகள்களின் முனைகள் கூர்மையாகவே இருக்கின்றன. 1972-இல் அப்போலோ 17-இல் சென்ற புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு, கலத்துக்குள் வந்த அந்தத் தூசியால் மூக்கடைப்பே வந்தது. எஞ்சியதை வேறொரு வாய்ப்பில் பேசுவோம். வணக்கம்.