காற்று எந்த வழியால் போகுது?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையிலே 35 வருடமாகக் கார் திருத்துகிறவன் நான். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. ஓடுகிற எஞ்சினுக்கு மேலால் கத்திப் பேசித்தான் பழக்கம். குரல் பெரிதாக இருந்தால் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கோ.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, கொட்டிலுக்குள் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய கார்கள் எல்லாம் வெளியே வந்தன. சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), புதுப் பிஸ்டன், அதைச் சுற்றி அடைக்கிற புது ரிங் போட்டு, சிலிண்டருக்கு மேலே மூடுகிற ஹெட்டிலும் வேலை செய்து ஓடவிட்டார்கள். அப்படி ஓவர்ஹோல் முடித்த வண்டிகளில் சில, முன்னர் ஓடிய அளவுக்குக்கூட ஓடாது. காசும் போய், காரும் நின்றால் ஆளுக்கு எப்படி இருக்கும்!

அப்படித்தான் உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். 948 சீசீ மொறிஸ் மைனர். வேறோர் இடத்தில் எஞ்சின் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. “தம்பி, ஏத்தத்திலே இரண்டாம் கியருக்கும் அழுகுது. ரிங் பிழையாம். திரும்பவும் எஞ்சினை இறக்க வேணுமாம்.”

“மாஸ்டர், இறக்குறதை நாளைக்குப் பார்ப்பம். முதலில காத்து எந்த வழியால போகுதெண்டு பார்ப்பம்.”

சிலிண்டருக்குள் நெருக்குகிற காற்று வெளியே போகப் பெரும்பாலும் நாலு வழிதான். காற்று உள்ளே வருகிற இன்லெட் வால்வு, புகை வெளியே போகிற எக்ஸோஸ்ட் வால்வு, பிஸ்டன் ரிங், ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக வைக்கிற ஹெட் காஸ்கெட். எஞ்சினை இறக்குவதற்கு இரண்டு நாள் வேலை. எந்த வழி என்று கண்டுபிடிப்பதற்கு இரண்டு மணித்தியாலம் போதும்.

மொறிஸ் மைனரில் ஒரு வசதி, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். இக்னிஷனை நிறுத்தி, பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து (எதிரே வைத்தால் ஒருநாள் விரல் போகும்) மெதுவாகச் சுற்றினால், இரண்டு முழுச் சுற்றுக்குள் நாலு தரம் கை இறுகும். மாஸ்டரின் காரில் மூன்று தரம்தான் இறுகியது. நாலில் ஒன்று, வெறும் வாளிக் கயிற்றை இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவரையே சுற்றச் சொன்னேன். சுற்றிப் பார்த்துவிட்டு, “ஓம், ஒண்டு செத்துக் கிடக்கு” என்றார்.

பிறகு கொம்பிரெஷன் கேஜ், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு ஏறுகிறதென்று காட்டுகிற மானி. இதில் அவசரப்பட்டால் பிழையான எண்தான் வரும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், கொயில் வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும், பற்றரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். முக்கியமாக, அக்சிலரேற்றரை ஒருவர் கடைசிவரை மிதித்திருக்க வேண்டும். மூடின கார்புரேற்றரோடு பார்த்துவிட்டு “கொம்பிரெஷன் இல்லை” என்று சொல்லி எஞ்சினை இறக்கினவர்களை எனக்குத் தெரியும். என் இளவயதில் நானும் அதில் ஒருவன்.

ஐந்தாறு தரம் சுற்றவிட்டதும் வந்த எண்கள், சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில், 135, 130, 70, 135. மூன்றாவது சிலிண்டர். கடைசி எண்ணைவிட முள் ஏறுகிற விதத்தைப் பாருங்கோ. ரிங் பிழையென்றால் முதல் அடிக்குக் கொஞ்சம், அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் என்று படியேறும். வால்வு பிழையென்றால் தொடக்கத்திலேயே தாழ நின்று, பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். இது கிடந்தது. பிளக் ஓட்டையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தேன். ரிங்கால் போகிற காற்றென்றால் ஒயில் அடைத்து முள் நன்றாக ஏறும். 75 தான் வந்தது. பக்கத்தில் இரண்டாவது சிலிண்டரும் சேர்ந்து விழுந்திருந்தால் காஸ்கெட்டைச் சந்தேகித்திருப்பேன், நடுவிரண்டுக்கும் இடையில் அது எரிவது வழக்கம். அதுவும் இல்லை.

இனிக் காது வேலை. மூன்றாவது பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கிற சமயத்தில், மேல் உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டையால் கொம்பிரசர் காற்றை விடுவது. கார் நியூட்ரலில் இருக்க வேண்டும், கைப்பிடி வெளியே இருக்க வேண்டும். ஒருமுறை கைப்பிடியை எடுக்க மறந்து காற்றைத் திறந்தேன். பிஸ்டன் உச்சியில் இருந்து மயிரிழை விலகியிருந்தது போல. கைப்பிடி சுழன்ற வேகத்தில் என் முழங்கால் தப்பியது கோணேசர் புண்ணியம்.

காற்றை விட்டுவிட்டு ஒவ்வொரு இடமாகக் காதை வையுங்கோ. கார்புரேற்றரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸோஸ்ட் வால்வு. ஒயில் ஊற்றுகிற மூடியில் சீறினால் ரிங். ரேடியேற்றரில் குமிழி வந்தால் காஸ்கெட், இல்லையென்றால் ஹெட்டில் வெடிப்பு. ஒயில் மூடியில் கொஞ்சச் சத்தம் எந்த நல்ல எஞ்சினிலும் கேட்கும், ரிங்குக்கு இடைவெளி உண்டு. அதைக் கேட்டுப் பயப்படாதேங்கோ. வால்வுப் பக்கம் சத்தம் கேட்டால் விடாதேங்கோ. மாஸ்டரின் கார் சைலன்சரால் சீறியது, வீதியில் நின்றவருக்கே கேட்டது.

வால்வு மூடியைக் கழற்றினேன். இந்த எஞ்சினுக்கு டப்பெட் இடைவெளி (வால்வை அமத்தித் திறக்கிற ரொக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையில் விடுவது), குளிர்ந்திருக்கும்போது, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது சுமார் 0.30 மில்லிமீற்றர். எட்டு வால்வையும் முன்னிருந்து எண்ணி, ஒன்பது கணக்கில் பார்ப்போம். நாலாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஐந்தாவதைப் பார்க்க வேண்டும், கூட்டினால் ஒன்பது. அந்த ஐந்தாவதுதான் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட். இடைவெளி அளக்கிற பீலர் கேஜின் ஆக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வால்வு முழுக்க மூடவே விடாமல் ரொக்கர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏன் அப்படி? புதுக் காஸ்கெட் ஓடி ஓடிப் படியும், ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்குவோம். ஹெட் இறங்கினால் அதோடு ரொக்கரும் இறங்கும், டப்பெட் இடைவெளி குறையும். ஹெட்டை இறுக்கிவிட்டு டப்பெட்டைப் பார்க்காமல் விட்டால், முதலில் எரிவது எக்ஸோஸ்ட் வால்வு. அதன் தலையில் ஏறுகிற சூடு பெரும்பாலும் சீற் (மூடும்போது வால்வு உட்காருகிற வட்ட விளிம்பு) வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. சீற்றில் உட்காராத வால்வு சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கும்?

12க்கு வைத்துத் திரும்பப் பார்த்தேன். 70 இருந்தது 95 ஆனது. மாஸ்டருக்குச் சந்தோசம். எனக்கில்லை, சைலன்சர் இன்னும் சீறியது. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்றேன். எஞ்சினை அல்ல, ஹெட்டை மட்டும்.

கழற்றிக் கவிழ்த்து, வால்வுக்குப் பின்னால் இருக்கிற வழிக்குள் (போர்ட்) கொஞ்சம் பெற்றோல் விட்டால், மற்ற வால்வுகள் காய்ந்து கிடக்க, இதன் விளிம்பில் மட்டும் ஈரம் கசிந்தது. வால்வை எடுத்துப் பார்த்தால் சுற்றிவர அழகான சாம்பல் வளையம். கிறைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்த அடையாளம். பார்க்கிறவன் நல்ல வேலை என்றுதான் சொல்லுவான். பேஸ்ட் அப்படி ஏமாற்றும். நான் பென்சிலை எடுத்து, அந்த வளையத்துக்குக் குறுக்கே பத்துக் கோடு கீறி, வால்வைச் சீற்றில் வைத்து, அமத்திக் கால் சுற்றுத் திருப்பி எடுத்தேன். ஆறு கோடு அழிந்திருந்தது. நாலு கோடு, பள்ளிப் பிள்ளை கீறின மாதிரி அப்படியே இருந்தது. அந்த நாலு கோட்டுப் பக்கத்தாலதான் காற்று போனது.

காரணம் வால்வு கைட், அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்குகிற குழாய். புதுக் கைட் அடித்திருக்கிறார்கள், சீற்றைத் திரும்ப வெட்டவில்லை. புதுக் கைட்டின் நடு வேறு, பழைய சீற்றின் நடு வேறு. எவ்வளவு தேய்த்தாலும் அது சேராது. கைட்டை நடுவாக வைத்து 45 பாகையில் சீற்றை வெட்டினால்தான் சேரும்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொன்று. கடற்கரை ஊர், உப்புக் காற்று. 2022 இல் பெற்றோல் இல்லாமல் கார்கள் மாதக்கணக்கில் நின்றன. நிற்கிற எஞ்சினில் எப்போதும் ஏதாவது வால்வு திறந்துதான் இருக்கும். அந்தச் சீற்றில் துரு விழும், வால்வின் முகத்தில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழும். கிழமைக்கு ஒருமுறை ஓட்டிச் சூடாக்குங்கோ. ஓட்ட வழியில்லையென்றால் பிளக் ஓட்டைகளால் கொஞ்சம் ஒயில் விட்டுவிட்டு, சைலன்சரையும் கார்புரேற்றரையும் துணியால் அடையுங்கோ.

நாலு சிலிண்டரும் ஒரே அளவில் குறைந்திருந்தால், வால்வையும் ரிங்கையும் தொடாமல் வால்வு திறக்கிற நேரத்தை ஒழுங்குபடுத்துகிற டைமிங் செயினையோ பெல்ட்டையோ பாருங்கோ. ஒரு பல் பிசகியிருக்கும். அதுவும் சரியென்றால், புது ரிங் சிலிண்டர் சுவரோடு இன்னும் படியவில்லை, ஒயில் விட்டால் நாலும் ஏறும். அந்த எஞ்சினை வீட்டு முற்றத்தில் ஐட்லிங்கில் விட்டு வைக்காதேங்கோ. கந்தளாய் வரைக்கும் ஓடிப் போய் வாங்கோ, வேகத்தை ஏற்றியும் குறைத்தும்.

மாஸ்டரின் கார் சீற் வெட்டி, புதுக் காஸ்கெட் போட்டு, 135, 135, 130, 135 என்று நின்றது. உவர்மலை ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறினார், நான் பக்கத்தில் இருந்தேன். 500 கிலோமீற்றர் ஓடினதும் கொண்டுவாங்கோ, ஹெட்டை இறுக்கி டப்பெட் பார்க்க வேணும் என்று சொல்லி அனுப்பினேன். நாலு மாதம் ஆகுது, ஆளைக் காணேல்லை. நிலாவெளிப் பக்கம் கார் பறக்குதாம் என்று கேள்வி. மாஸ்டர், நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், முதல் நாள் பின்னேரமே காரைக் கொண்டுவந்து விட்டிட்டுப் போங்கோ. டப்பெட் பார்க்க எஞ்சின் குளிர்ந்திருக்க வேணும்.