தழும்புக்கு ஒரு வருடம் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். தையல் பிரிக்கிற அன்று என்னிடம் பெரும்பாலும் கேட்கிற கேள்வி, "டாக்டர், இந்தத் தழும்பு போயிடுமா?" முழுசாகப் போகாது. ஆனால் நன்றாக மங்கும். எவ்வளவு மங்கும் என்பது கொஞ்சம் உங்கள் கையிலும் இருக்கிறது.

தையல் பிரிக்கும்போது மேல்தோல் மட்டும்தான் மூடியிருக்கும். உள்ளே கொலாஜன் நார்கள், அதாவது தோலுக்கு உறுதி தரும் புரத நார்கள், இன்னும் தாறுமாறாகச் சேர்ந்துகொண்டிருக்கும். அதனால் முதல் சில மாதம் தழும்பு சிவந்து, தடித்து, அரிக்கலாம். பயந்துவிடாதீர்கள். அது தட்டையாகி வெளிற ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும்.

தழும்புக்கு ஆகாதது இழுப்பும் உரசலும். 1861-இல் கார்ல் லாங்கர் என்ற ஆஸ்திரிய உடற்கூறியல் அறிஞர், இறந்தவர்களின் தோலில் உருண்டையான முனையால் குத்திப் பார்த்தார். வட்டமாக விழவேண்டிய துளை கீற்றாக நீண்டது. துணிக்கு நூலோட்டம் இருப்பதுபோல தோலுக்கும் ஒரு ஓட்டம் உண்டு. அந்த ஓட்டத்தோடு கீறினால் தழும்பில் இழுப்பு குறையும். தைராய்டு ஆபரேஷனில் கழுத்து மடிப்பை ஒட்டிக் குறுக்கே கீறுவது இதனால்தான்.

கழுத்து என்றதும் ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். தழும்பின் இரண்டு ஓரமும் அழகாகப் படிந்திருக்க, நடுவில் மட்டும் தடிப்பு. எனக்குப் பிடிபடவில்லை. கீழே வைத்த பையை எடுக்கக் குனிந்தார் பாருங்கள், கழுத்தை ஒட்டிய சின்னச் சங்கிலியின் டாலர் சரியாக அந்த இடத்தில் போய் உரசியது! கழற்றச் சொன்னேன். "எங்கம்மா கடைசியா போட்டுவிட்டது, டாக்டர்" என்றார். அதற்குமேல் வற்புறுத்த மனம் வரவில்லை. அவரே வழி சொன்னார்: டாலரைத் தாலிக்கொடியில் கோத்துக் கீழே இறக்கிக்கொண்டார். தழும்பின்மேல் சிலிக்கோன் ஷீட், அதாவது தோலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தகடு, ஒட்டினோம். அடுத்த தீபாவளிக்கு வந்தபோது தழும்பை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த ஷீட்டைப் பற்றித்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தோலின் ஈரத்தை அது வெளியே விடாது; அதனால் கொலாஜன் அளவுக்கு மீறிச் சேராது. காயம் முழுசாக மூடிய பிறகுதான் ஒட்டவேண்டும். தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம். கழுவி மறுபடி ஒட்டலாம். எண்ணெய் தடவிய தோலில் ஒட்டாது, நினைவிருக்கட்டும்.

அப்புறம் மசாஜ். இதுவும் காயம் மூடிய பிறகுதான், உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு. விரலால் அழுத்தி மெல்லச் சுழற்றுங்கள். தேங்காய் எண்ணெய் போதும். விரல் வழுக்கத்தான் எண்ணெய், வேலை செய்வது அழுத்தம். வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பூசாதீர்கள். 1999-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமைதான் வந்தது.

வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துப்போகும். ஒரு வருடம் துணியால் மூடுங்கள், இல்லையென்றால் சன்ஸ்கிரீன்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கீலாய்டு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீறிய இடத்தைத் தாண்டித் தழும்பு பரவினால் அது கீலாய்டாக இருக்கலாம். நெஞ்சு, தோள், காதுமடலில் அதிகம் வரும். வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடும். முதலில் ஊசி மருந்து பற்றிக் கேளுங்கள், அதையும் சீக்கிரமே கேளுங்கள். வணக்கம்.