பில் விதர்ஸ்: குரலை உயர்த்தாமலே உருக்கியவர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் பற்றிப் பேசலாம். சோல் இசை, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சி மிகுந்த பாடல் வகை என்றாலே உச்சஸ்தாயியில் உருகி உருகிப் பாடுவதுதான் என்று நினைக்கிறவர்கள் இவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938-ல் பிறந்தவர். சிறு வயதில் பேச்சு திக்கும். ஒன்பது வருடம் கடற்படையில் இருந்தார். அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம், விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதல் ஆல்பம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' 1971-ல் வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதன் அட்டைப் படத்தைப் பாருங்கள். வேலை பார்த்த இடத்திலேயே, கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறார். இசைத் தொழிலை நம்ப முடியாது என்று வேலையையும் உடனே விடவில்லை!

அதில்தான் 'எயின்ட் நோ சன்ஷைன்' இருக்கிறது. இரண்டே நிமிடப் பாட்டு. நடுவில் 'ஐ நோ' (எனக்குத் தெரியும்) என்பது 26 தடவை வரும். அந்த இடத்தில் வேறு வரிகள் எழுதுவதாகத்தான் இருந்தார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிவிடும், குரலும் டிரம்ஸும்தான். விட்டுவிட வேண்டியவள் என்று பாட்டில் வருகிறவனுக்கே தெரியும், ஆனால் முடியவில்லை. அதை எத்தனை வரி எழுதினாலும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

'லீன் ஆன் மீ'யும் அப்படித்தான். பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் விரல் ஏறி இறங்குகிற மாதிரியே மெட்டு. கற்றுக்கொள்கிற பிள்ளைகூட வாசித்துவிடும். 1972-ல் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கஷ்டம் வந்தால் என்மேல் சாய்ந்துகொள் என்று சுரங்க ஊர்க்காரர் ஒருவர் பக்கத்து வீட்டாரிடம் சொல்வதுபோல இருக்கும்.

அவருக்குக் குரல் வலிமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 'லவ்லி டே' முடிவில் ஒரே சுரத்தைக் கிட்டத்தட்ட 18 நொடி பிடித்து நிற்பார். முடியும், ஆனால் தேவைப்படும்போது மட்டும்தான் செய்வார்.

1985-க்கு அப்புறம் புது ஆல்பமே போடவில்லை. இசைக் கம்பெனிக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை, ஒதுங்கிக்கொண்டார். 2015-ல், இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது, பாடகர் ஸ்டீவி வொண்டர் அவரை வரவேற்றார். 2020-ல் காலமானார்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் அவர் பாடிய நேரடிப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அதில் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாடும் முன் பாட்டியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார். அந்தப் பேச்சைத் தாண்டிவிடாமல் கேளுங்கள்.