அம்பாசிடர் கைவைத்தியம் மாருதிக்கு ஆகாது

பெரியவர்களே, அண்ணாச்சிமாரே!

பழைய கார் என்றாலே நம் நெல்லைப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். அம்பாசிடருக்குச் செய்து பழகியதையே மாருதி 800-க்கும் செய்கிறோம். அங்கேதான் தப்பு.

இரண்டும் 2014-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிகள். ஆனால் பிறப்பு வேறு. அம்பாசிடர் 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மாருதி 1983 டிசம்பரில் வந்த சுசூகி. ஒன்று 1489 சி.சி., நாலு சிலிண்டர். மற்றது 796 சி.சி., மூணு சிலிண்டர். இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. கவனிக்க வேண்டியது ஹெட், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் பகுதி.

அம்பாசிடரின் அந்த 1489 என்ஜினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. சூடேறினால் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். (பின்னாளில் வந்த இசுசு என்ஜினை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) மாருதியில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு அளவு மீறினால் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விடும்.

சித்திரை வெயிலில் பாபநாசத்திலிருந்து காரையாறு மலைப்பாதையில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்பாசிடருக்கு ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. என்ஜின் திணறினால் காற்றும் குறையும், ரேடியேட்டர் கொதிக்கும். ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பலாம். ஆறியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? சூட்டில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறதே! பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றுங்கள்.

மாருதிக்கு இந்தப் பொறுமை கிடையாது. அதில் ஃபேன் கரண்டில் ஓடுவது. வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கும்போது சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டினால் ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் உடனே என்ஜினை அணையுங்கள், ‘வீடு வரைக்கும்’ என்று ஓட்டாதீர்கள். பிறகு, சூட்டைப் பொறுத்து ஃபேனை ஓடவிடும் தெர்மோ ஸ்விட்சைத் தவிர்த்து ஒயரை நேராகக் கொடுத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச் போயிருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டர் குழாயில் உப்பு கட்டும், அலுமினியத்தையும் அரிக்கும். பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமுதம்தான். ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். ‘நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு’ என்று, என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதும் வேண்டாம். என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி மாதிரி இருந்தால், ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால், கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஹெட்டைக் கழற்றியதும் நேர்ப்பட்டையைக் குறுக்கும் மறுக்கும் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி ஃபேஸிங் பண்ணியே ஆகவேண்டும். வெறும் கேஸ்கட் மாற்றினால் அதே கோளாறு திரும்ப வரும். மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். ‘என் கைக்கே அளவு தெரியும்’ என்கிற மெக்கானிக்கிடம் வேண்டுமானால் அம்பாசிடரைக் கொடுங்கள்.