மீரிகமவில ஏறின ரோட்டும் மூண்டு ஹெல்மெட்டும்

வணக்கம் உறவுகளே. லொறிக்குள்ள இருந்துதான் கதைக்கிறன், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. பின்னால குருநாகல் சைட்டுக்குப் போற டைல் 60 பெட்டி. போன வீடியோவில திட்டினனே, அந்தப் பச்சை டைல்தான். வீட்டுக்கார அம்மா விடுறா இல்லை.

விடிய 5 மணிக்கு வெள்ளவத்தையில வெளிக்கிட்டது. நிட்டம்புவையில மட்டும் முக்கால் மணித்தியாலம்! ஏனெண்டால், கடவத்தையில ஏறவேண்டிய மத்திய அதிவேக ஹைவேயை இன்னும் மீரிகமவிலதான் பிடிக்கவேண்டிக்கிடக்கு. மீரிகம–குருநாகல் துண்டு, 40 கிலோமீற்றர் அளவு, எங்கட நாட்டுக் கொந்தராத்துக்காரர் கட்டினது. 2022 ஜனவரியிலயே திறந்தாச்சு. கடவத்தை–மீரிகம சீனக் கொம்பனிக்கு, சீன எக்ஸிம் வங்கிக் கடனில. 2022 இல நாடு கடன் கட்டேலாமல் போக, காசும் நிண்டுது, வேலையும் நிண்டுது. 2025 செப்டெம்பரிலதான் திரும்பத் தொடங்கினவை. முண்டம் மாதிரிக் கிடக்குது ரோட்டு!

சீனனுக்கு வேலை தெரியாதெண்டு நான் சொல்லேல்லை. கடன் குடுக்கிறவன் தன்ர கொம்பனியையும் கையோட கூட்டிக்கொண்டு வாறான், அதுதான் எரிச்சல். டெண்டரில போட்டி போடவே இடமில்லை. கொந்தராத்துக்காரரைப் பிரிக்கிற தரத்தில மேல, சி1 இல இருக்கிற எங்கட பெரிய ஆக்களுக்கே அங்க சப் கொந்தராத்துத்தான் எண்டால், என்னைப் போல கீழ கிடக்கிற சி8 காரன் சப்புக்குச் சப்.

2019 இல அப்பிடி ஒரு வெளிநாட்டுக் கொம்பனிக்குக் கீழ கான் கட்டினனான். பேர் வேண்டாம். ரிட்டென்ஷன் எண்டு, வேலையில பிழை இல்லையெண்டால் பிறகு திருப்பித் தாற காசாம், பில்லில 5 சதவீதம் பிடிச்சவை. பிடிச்சது பிடிச்சதுதான். என்ர ரெண்டு மேசன் பாஸ்மாரும் நாள் சம்பளம் கூட எண்டு அவையோடயே போயிட்டினம்.

ஆ, ஒண்டு சொல்ல மறந்திட்டன். கொங்கிறீற் ஊத்த இரும்பு ஷட்டர் பூட்டுற வேலை அங்கதான் பழகினனான். அதுக்கு முதல் பலகை, ஆணி, பலகை, ஆணிதான். அந்த நன்றி இருக்கு.

போன கிழமை ஒரு பாஸ் திரும்பி வந்திட்டார். வந்த கையோட, ஹெல்மெட் இல்லாமல் சாரத்தில ஏறமாட்டாராம்! அங்க பழகின பழக்கம். நேற்றுக் கடைக்குப் போனன். ஒண்டு 1,800 எண்டான். மூண்டு எடுக்கிறன் எண்டன். 1,650. நான் கடையை விட்டு வெளிக்கிட்டன், லொறியில ஏறி ஸ்டார்ட்டும் பண்ணியாச்சு, பின்னால ஓடி வந்தான். 1,450! கையுறை ஒரு சோடி சும்மா!

பாஸுக்கு மஞ்சள் நிறம் பிடிக்கேல்லையாம்.