ஆப்டிக்கல் மாட்டியும் பின்னாடி ஸ்பீக்கர் ஊமையா? கம்ப்யூட்டர்ல 5.1 சரவுண்ட் வர வைக்கிற வழி

[காட்சி: மேசைக்கு அடியில கம்ப்யூட்டரின் பின்பக்கம், டார்ச் வெளிச்சத்தில்]

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுல 5.1 ஸ்பீக்கர் செட்டு, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும், வாங்கியாச்சு. கடையில, "ஆப்டிக்கல் போடுங்கண்ணே, டிஜிட்டல், சவுண்டு அள்ளும்"னு சொல்லி, சத்தத்தை வெளிச்சமா கொண்டுபோற ஒரு கேபிளையும் கையில குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து மாட்டி ஒரு கேமைத் திறந்தா, முன்னாடி ரெண்டும் சப்வூஃபரும் மட்டும்தான் பாடுது. சென்டர் ஊமை, பின்னாடி ரெண்டும் ஊமை. செட்டு கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு புக்கிட் பிந்தாங் ஜாம்ல போய் நிக்காதீங்க. செட்டு நல்லாத்தான் இருக்கு.

கேபிள் டிஜிட்டலா அனலாக்காங்கறது ரெண்டாவது விஷயம். முதல்ல கேட்க வேண்டியது இதுதான்: சத்தத்தை ஆறா பிரிக்கிற வேலையை யாரு செய்யப்போறா, கம்ப்யூட்டரா, ஸ்பீக்கர் செட்டா?

[காட்சி: கலர் கலரான ஜாக்குகள், நெருக்கத்தில்]

அனலாக்ல, அதாவது இந்தக் கலர் ஜாக்குகள்ல மாட்டுற சாதா கேபிள்ல, கம்ப்யூட்டரே பிரிச்சுடும். மூணு கேபிள், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சேனல் (ஒரு ஸ்பீக்கருக்குப் போற தனிச் சத்தம்தான் ஒரு சேனல்), மொத்தம் ஆறு. பச்சை, முன்னாடி இடம் வலம். கறுப்பு, பின்னாடி இடம் வலம். ஆரஞ்சு, சென்டரும் சப்வூஃபரும். சாம்பல் கலர்ல ஒண்ணு இருந்தா அது 7.1 செட்டோட பக்கவாட்டு ஸ்பீக்கருக்கு, உங்களுக்கு வேண்டாம்.

"என் மதர்போர்டுல மூணு ஓட்டைதான் இருக்கு, பச்சை, நீலம், பிங்க்"னு சிலர் கேப்பீங்க. பயப்படாதீங்க. போர்டோட சவுண்டைக் கவனிக்கிற ரியல்டெக் ஆடியோ கன்சோல்ங்கற மென்பொருள்ல 5.1னு தேர்ந்தெடுத்தா, பெரும்பாலான போர்டுல நீலம் பின்னாடி ஸ்பீக்கருக்கும், பிங்க் சென்டர் சப்வூஃபருக்கும் மாறிக்கும். மைக்கை கேஸோட முன்பக்க ஜாக்ல மாட்டிக்கலாம்.

[காட்சி: திரையில் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ்]

கேபிள் மாட்டினதோட வேலை முடியாது. விண்டோஸ் இன்னும் ஸ்டீரியோன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், கீழ போய் மோர் சவுண்ட் செட்டிங்ஸ். அதுல ஸ்பீக்கர்ஸைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் அழுத்துங்க. 5.1 சரவுண்ட், அப்புறம் டெஸ்ட். ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் வரும். திரையில எது மின்னுதோ அதேதான் அறையிலயும் கேக்கணும்.

இங்க ஒரு வேடிக்கை அடிக்கடி நடக்கும். சென்டர் மின்னும்போது சத்தம் மேசைக்கு அடியில உள்ள சப்வூஃபர்ல இருந்து வரும். படம் போட்டா, ஹீரோ பேசுறது போர்வைக்குள்ள இருந்து முனகுற மாதிரி கேக்கும். ஆரஞ்சு ஜாக்ல பின்னோட நுனி சென்டருக்கு, அதுக்குக் கீழ உள்ள வளையம் சப்வூஃபருக்கு. சில செட்டுல இதை மாத்தி வச்சிருப்பாங்க. வெள்ளை சிவப்பு பின் உள்ள கேபிள்னா அந்த ரெண்டையும் இடம் மாத்திச் செருகுங்க. இல்லைன்னா ரியல்டெக்ல சென்டரையும் சப்வூஃபரையும் மாத்துற ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு. பாட்டு போட்டா பின்னாடி சத்தம் வராது. பாட்டு பெரும்பாலும் ஸ்டீரியோ, ரெண்டு சேனல்தான். அஞ்சுலயும் கேட்டே ஆகணும்னா, ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்புற ஸ்பீக்கர் ஃபில் ஆப்ஷனைப் போடுங்க. எனக்கு அது பிடிக்காது. பாடுறவங்க முதுகுக்குப் பின்னாடி வந்து நிப்பாங்க.

[காட்சி: ஆப்டிக்கல் கேபிள் முனை, சிவப்பு ஒளி]

இப்ப ஆப்டிக்கல் கேபிளோட அந்தச் சிவப்பு வெளிச்சம். கேபிள் முனையில கண்ணாடி மாதிரி குட்டி பிளாஸ்டிக் மூடி ஒண்ணு இருக்கும். அதைக் கழட்டாமலே அமுக்கிட்டு, "சத்தமே வரலை"ங்கறவங்க நிறைய பேரு. மூடியைக் கழட்டி, 'டிக்'னு உக்கார்ற வரைக்கும் தள்ளுங்க. கேபிளைச் சுவர் மூலையில மடக்கி ஒடிக்காதீங்க.

இந்த இணைப்பை தொஷிபா 1983-ல கொண்டுவந்தது, சிடி பிளேயருக்காக. அதுல சத்தத்தை டிஜிட்டலா அனுப்புற எஸ்பிடிஃப் முறையை வகுத்தது சோனியும் பிலிப்ஸும். சிடின்னா ஸ்டீரியோ, அதனால சுருக்காத சத்தம்னா ரெண்டு சேனல்தான் இதுல போகும். கணக்குப் பாருங்க: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ரெண்டு சேனலுக்கு வினாடிக்கு 1,536 கிலோபிட். ஆறு சேனல்னா 4,608. அதுக்கு இங்க வழியே இல்லை.

ஆறு சேனலையும் ஜிப் ஃபைல் மாதிரி அமுக்கி ஒண்ணாக் கட்டினாத்தான் போகும். டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் அதைத்தான் செய்யுது. டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் 640 கிலோபிட்தான். கட்டை அவிழ்க்கிற டீகோடர் ஸ்பீக்கர் செட்டுல இருக்கணும். லாஜிடெக் இசட்906-ல இருக்கு. மலிவான செட்டுல பெரும்பாலும் இருக்காது. ஆப்டிக்கல் ஓட்டை இருக்குங்கறதுக்காக டீகோடர் இருக்குன்னு நம்பாதீங்க, பெட்டியில டால்பி டிஜிட்டல் பேரு இருக்கான்னு படிங்க.

பல படத்துல அந்தக் கட்டு ஏற்கெனவே கட்டித்தான் வருது. விஎல்சி வீடியோ பிளேயர்ல, கட்டை அவிழ்க்காம அனுப்புற பாஸ்த்ரூவை எனேபிள் பண்ணா அப்படியே செட்டுக்குப் போயிடும். அப்ப விண்டோஸ்ல வால்யூமைக் கூட்டினாலும் குறைச்சாலும் ஒண்ணும் நடக்காது, செட்டுல உள்ள குமிழைத்தான் திருப்பணும்.

கேம்லதான் சிக்கல். நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாதே, சத்தம் அந்தந்த நொடியில உருவாகுது. அதைக் கையோட கட்ட டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வேணும். சில சவுண்ட் கார்டுல இருக்கு, பல போர்டுல இல்லை. டிஜிட்டல் அவுட்புட்டோட ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டுல அந்தப் பேரு இருந்தா யோகம். இருந்தாலும் கட்டி அவிழ்க்கிறதுல சத்தம் கொஞ்சம் பின்தங்கும். அதனால கேம் ஆடுறவங்களுக்கு நான் மூணு அனலாக் கேபிளைத்தான் சொல்லுவேன்.

[காட்சி: சுவர் சாக்கெட், எக்ஸ்டென்ஷன்]

ஆப்டிக்கல் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் ஒண்ணு உண்டு. கம்ப்யூட்டர் ஒரு சுவர் சாக்கெட்ல, செட்டு இன்னொரு சுவர் சாக்கெட்ல மாட்டியிருந்தா, எர்த் வழியா ஒரு சுத்து உண்டாகி 'ம்ம்ம்'னு ரீங்காரம் வரலாம். ஆப்டிக்கல்ல போறது வெளிச்சம், செம்பு இல்லை, அந்தச் சுத்து அறுந்துடும். அனலாக்கா? ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல மாட்டிப் பாருங்க. மூணு பின் பிளக்குல எர்த் பின்னை மட்டும் வெட்டிடாதீங்க. யாரு சொன்னாலும் சரி. அது உயிரைக் காக்கிற பின்.

[காட்சி: ரிசீவரின் பின்பக்கம்]

ஏவி ரிசீவர், அதாவது படத்தையும் சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கருக்கும் டிவிக்கும் பிரிச்சு விடுற பெட்டி, வச்சிருக்கிறவங்க இவ்வளவும் யோசிக்க வேண்டாம். எச்டிஎம்ஐ 2002-ல வந்த முதல் பதிப்பிலேயே சுருக்காத எட்டு சேனல் போகும். கிராஃபிக்ஸ் கார்டுல இருந்து ரிசீவருக்கு, ரிசீவர்ல இருந்து டிவிக்கு. இந்த வரிசையை மாத்தி முதல்ல டிவியில மாட்டினா, பல டிவி ஸ்டீரியோவா குறைச்சுத்தான் வெளிய விடும்.

லேப்டாப்காரங்களுக்கு ஒரே ஒரு ஜாக்தான் இருக்கும். அதுக்கு மூணு அனலாக் ஜாக் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்குது. லோயாட்லயோ ஜாலான் பசார்லயோ கேக்கும்போது "5.1"னு மட்டும் சொல்லாதீங்க. ஹெட்ஃபோனுக்கு போலி சரவுண்ட் குடுக்கிற குச்சியை எடுத்து நீட்டிடுவாங்க. வெளிய மூணு ஓட்டை தனித்தனியா இருக்கான்னு கையில வாங்கிப் பார்த்துட்டு வெள்ளியை எடுங்க.